பூமிக்கு அடியில் எனக்கு ஆகாது

இரண்டாயிரத்து ஏழாம் வருஷத்து மாட்டுப் பொங்கலன்று, மாடே இல்லாத எங்கள் வீட்டில் நான் ஒரு தீர்மானம் எடுத்தேன். ஜெயராணியைக் கேட்காமல் ஒரு காரியமாவது செய்து காட்டுவது.

ஒரே ஒரு காரியம். பேராசை இல்லை. கல்யாணம் ஆன நாளாக நான் எந்தச் சட்டை போடுவது, எந்த பஸ்ஸில் ஏறுவது, ஜலதோஷம் பிடித்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது என்பது வரைக்கும் அவள்தான் முடிவு செய்கிறாள். இத்தனைக்கும் நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க ஆபீசில் சூப்பிரண்டு. ராஜவேல் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு காகிதம் நகராது. வீட்டில் ராஜவேலே நகர முடியாது.

எங்கள் வீடு முதுநகரில். கடல் பக்கம். எவ்வளவு பக்கம் என்றால், குழாயைத் திருப்பினால் கடலே வரும். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, காபி குடித்தால் யாரோ அழுதுவிட்டுக் கொடுத்தது போல இருக்கும். நல்ல தண்ணீருக்கு ஜெயராணி தெருமுனைக் குழாயில் குடத்தோடு நிற்பாள். நாற்பது அடியில் உப்பு, முந்நூறு அடிக்குக் கீழே போனால் தித்திப்பு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆழமாகப் போர் போட வேண்டும். அதற்காகத் தபால் ஆபீசில் மாதாமாதம் கட்டிச் சேர்த்துக்கொண்டே வந்தாள். தை மாதம் பணம் முதிர்ந்தது.

எந்த மூலையில் போர் போடுவது என்று கேட்க என்னைத் திருவதிகை ஜோசியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் ஜாதகத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"ஐயாவுக்கு பூமிக்கு மேல இருக்கறது எல்லாம் பரவால்ல. பூமிக்கு அடியில இருக்கறது மட்டும் ஆகாது."

"அப்படின்னா?" என்றேன்.

"அப்படின்னா அப்படித்தான். அம்மா ராசிக்கு அடியில இருக்கறது கொட்டும். அம்மா பேருக்கே பூஜை போட்டு, அம்மா கையால மண்ண தொட்டு ஆரம்பிங்க. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

"நான் எப்பவும் தள்ளித்தாங்க நிக்கறேன்" என்றேன். ஜெயராணி பெருமையோடு வெற்றிலையில் தட்சணையை வைத்தாள்.

மறுநாள் பணத்தை என் கையில் கொடுத்தாள். "போர்காரர் கொளஞ்சிகிட்ட குடுத்துட்டு வாங்க. வழியில எங்கியும் நிக்காதீங்க."

வழியில் நின்றேன்.

நின்ற இடம் மஞ்சக்குப்பத்தில் ஸ்ரீதர் வைத்திருந்த ஷேர் ஆபீஸ். ஒரு ஏசி, ஒரு கம்ப்யூட்டர், ஒரு சாமி படம். அந்த வருஷம் டீக்கடையில்கூடச் சென்செக்ஸ் பேசினார்கள். எங்கள் ஆபீஸ் பியூன் பங்கு வாங்கிப் பைக் வாங்கிவிட்டான். நான் மட்டும் இன்னும் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன்.

"வாங்க சார். உங்களுக்குன்னே ஒரு ஐட்டம் இருக்கு. கெடிலம் ஆயில். சின்னக் கம்பெனி. பெட்ரோல் கிணறு தோண்டறான். எங்க தெரியுமா? உங்க மாமனார் ஊரு, கீரப்பாளையம் பக்கத்துல."

"நம்ம கீரப்பாளையத்துலியா? அங்க நெல்லுதானேய்யா வெளையுது?"

"நெல்லுக்கு அடியில சார்!"

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. பணத்தைக் கொளஞ்சியிடம் கொடுத்தால் ஒரு போர். கெடிலம் ஆயிலில் போட்டால், எண்ணெய் பீறிட்ட மறுநாளே பத்துப் போர் போடலாம். ஜெயராணிக்கு ஒரு போர் போதும், மிச்சம் ஒன்பதுக்கு நான் மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள்வேன். ஆனால் ஜோசியர் சொன்னது காதில் அடித்தது. எண்ணெய் பூமிக்கு அடியில் இருப்பதாயிற்றே!

"ஸ்ரீதர், கணக்க என் சம்சாரம் பேர்ல தொறக்கலாமா? அவ ராசிக்குக் கொட்டுமாம்."

"தாராளமா சார். உங்களுக்கும் சும்மா ஒண்ணு தொறந்து வைக்கறேன். அம்மா கையெழுத்து மட்டும் வேணும்."

இப்படியாக, மனைவியைக் கேட்காமல் செய்யும் முதல் காரியத்தை மனைவி பெயரிலேயே செய்தேன். இந்தப் புத்திசாலித்தனம் வேறு யாருக்காவது வருமா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான்.

பேங்கில் அவள் பெயருக்கு ஒரு கணக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக, கேட்ட இடத்திலெல்லாம் போட்டாள்.

"ஏங்க, பேங்க் கணக்குக்கு நம்ம வீட்டு போன் நம்பர் எதுக்கு?"

"எல்லாத்துக்கும் கேக்கறான் இப்ப. காலம் அப்படி."

"ஓகோ" என்றாள். அந்த ஓகோவை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

அப்புறம் ஆரம்பித்தது என் படிப்பு. மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்ரீதர் ஆபீசுக்கு ஓடுவேன். கிணறு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, என்ன நடக்கிறது என்று கெடிலம் ஆயில் கம்ப்யூட்டரில் அறிக்கை போடும். ஸ்ரீதர் படிப்பான். நான் தலையாட்டுவேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியாது.

முதல் அறிக்கையில் கம்பெனி லாரி லாரியாகச் சேறு வாங்கியிருப்பதாகப் போட்டிருந்தது.

"சேறா? கீரப்பாளையத்துல இல்லாத சேறாய்யா? வயல்ல கால வச்சா முழங்கால் வரைக்கும் போவுது. அத காசு குடுத்து வாங்கறானா?"

"ஏதோ ஸ்பெஷல் சேறு சார். துளைக்குள்ள ஊத்துவாங்களாம்."

"தோண்டறது மண்ண வெளியில எடுக்கத்தானே? இவன் எதுக்கு உள்ள ஊத்தறான்?"

"அதான் சார் டெக்னிக்" என்றான் ஸ்ரீதர். பங்கு விலை ஒரு ரூபாய் ஏறியது. ஏறினால் சரி என்று இன்னும் கொஞ்சம் வாங்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் ஜெயராணி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "கொளஞ்சி எப்ப வர்றாராம்?"

என் வாயில் வேறு எதுவும் வரவில்லை. "சேறு வரணுமாம்" என்றேன்.

"போர் போடறதுக்கு சேறு எதுக்குங்க?"

"அதான் டெக்னிக்."

"ஓகோ. எங்கேருந்து வருது சேறு?"

"குஜராத்துலேர்ந்து."

"நம்ம வீட்டுக்கா? குஜராத்துலேர்ந்தா? பரவால்லியே" என்று குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனாள். அவள் குழாயடி வரிசையில் போய் நிற்கும்வரை வாசலிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் வரட்டும், அந்தக் குடத்தையே தூக்கிக் கடலில் போடுகிறேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த அறிக்கை என்னைப் படுக்கையில் தள்ளப் பார்த்தது. கிணற்றில் மீன்பிடிப்பு நடக்கிறதாம்! இங்கிலீஷில் தெளிவாகப் போட்டிருந்தது. பிஷிங்.

"ஸ்ரீதர், இது ஆயில் கம்பெனியா, மீன் கம்பெனியா?"

"அதான் சார் எனக்கும் கொழப்பமா இருக்கு."

"மீன் புடிக்கறதுன்னா எங்க முதுநகர்ல வந்து புடிக்க வேண்டியதுதானே? நெல்லு வயல்ல துளை போட்டு அதுக்குள்ள மீன் புடிப்பானா ஒருத்தன்?"

ஸ்ரீதர் மெட்ராசுக்குப் போன் போட்டு யாரிடமோ கேட்டான். துளைக்குள் ஏதோ இரும்பு உடைந்து விழுந்துவிட்டதாம், அதைத் தூண்டில் போல ஒன்றை விட்டு எடுப்பதற்கு அப்படிப் பெயராம். நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு மெட்ராஸ்காரர் போனை வைத்துவிட்டார்.

அன்று வீட்டில் நான் சொன்ன கதையில், வேறு ஊரில் ஓடிக்கொண்டிருந்த கொளஞ்சியின் போர் இயந்திரத்திலும் இரும்பு உடைந்து விழுந்தது. "தூண்டில் போட்டு எடுத்துகிட்டு இருக்காங்க" என்றேன்.

"கெடைச்சிடுச்சாமா?"

"பாதி கெடைச்சிருக்கு."

"பாவங்க. புழுவ மாத்திப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. நானும் சரி என்றேன்.

சித்திரை பிறந்தது. விலை இரண்டு மடங்கு ஆகியிருந்தது. அறிக்கையில், தேவைப்பட்டால் பொருத்துவதற்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் வாங்கி வைத்திருப்பதாகக் கம்பெனி சொன்னது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "கத்திரி வெயில் வரப் போவுது. இப்ப எதுக்குய்யா கிறிஸ்துமஸ் மரம்?"

"முதலாளி கிறிஸ்டியனா இருப்பாரோ?"

"இருந்தாலும் டிசம்பர்லதானேய்யா வப்பாங்க?"

கிணற்று வாயில் மாட்டும் குழாயும் திருகும் சேர்ந்ததற்கு அப்படிப் பெயராம், பிற்பாடு யாரோ சொன்னார்கள். இப்படி நாங்கள் இரண்டு பேரும் குழம்பக் குழம்ப விலை ஏறியது. புரிந்தவன் எவனும் வாங்கியிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த நேரத்தில்தான் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே ஜெயராணி சொன்னாள். "கேட்டிங்களா? நம்ம செம்பியன் பொண்டாட்டி கனிமொழிக்கு, கீரப்பாளையம் பக்கத்துல பெட்ரோல் தோண்டறாங்களே, அந்தக் கேம்ப்ல சாப்பாடு காண்ட்ராக்ட் கெடைச்சிருக்கு."

செம்பியன் என் மச்சான், ஜெயராணியின் தம்பி. எனக்குப் புரை ஏறியது. மெட்ராஸ்காரனுக்குக்கூடத் தெரியாத ரகசியம், என் மச்சான் வீட்டுச் சமையல்கட்டில்!

"அப்படியா? நல்லா இருக்கட்டும்" என்று இரண்டு கவளம் தின்றேன். "ஏன் ஜெயா, அவுங்க நல்லா சாப்படறாங்களாமா?"

"யாரு?"

"அந்தக் கேம்ப்காரங்க."

"சாப்படறாங்க. ஏன்?"

"இல்ல, சந்தோஷமா சாப்படறாங்களா, இல்ல சும்மா சாப்படறாங்களா?"

அவள் கரண்டியை நிறுத்தினாள். "சோத்துல என்னாங்க சந்தோஷமா, சும்மாவா?"

"ரசம் ரெண்டாவது தடவ கேக்கறாங்களா?"

"கேக்கறாங்களாம்."

அவ்வளவு போதும். மறுநாள் ஸ்ரீதரிடம் சொன்னேன். "ரசம் ரெண்டு தடவ வாங்கறாங்களாம். உள்ள ஏதோ கெடைச்சிருக்கு. இல்லன்னா மனுஷனுக்கு ரசம் எறங்குமா?" ஸ்ரீதர் அதைத் தாளில் எழுதிக்கொண்டான். நான் ஒரு நிபுணன் ஆகிவிட்டேன்.

சனி ஞாயிறில் ஜெயராணி கனிமொழிக்கு ஒத்தாசைக்குப் போய்வர ஆரம்பித்தாள். திரும்பி வந்ததும் நான் விசாரிப்பேன். அப்பளம் எத்தனை போனது? பெரிய எஞ்சினியர் மோர் குடித்தாரா? கை கழுவும்போது பாட்டுப் பாடினாரா? அவள் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். என் மேல் இவ்வளவு பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

ஆனித் திருமஞ்சனம் வந்தது. சிதம்பரத்தில் தேரும் தரிசனமும் என்றால் எங்கள் ஜில்லாவில் ஆபீசுக்கு உள்ளூர் விடுமுறை. அதற்கு முந்தின நாளே ஜெயராணி பையை எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் கேம்ப்ல விசேஷ சாப்பாடாம். கனிமொழி ஒருத்தியா என்னா பண்ணுவா? நான் போறேன்."

"என்ன விசேஷம்?"

"என்னமோ தெரியலைங்க. வடை பாயசம் போடச் சொல்லி இருக்காங்க. பந்தல்கூடப் போடறாங்களாம்."

பாயசம்! நம் ஊரில் காரணம் இல்லாமல் எவன் பாயசம் போடுவான்? எண்ணெய் வந்துவிட்டது! அறிக்கை வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது!

ஆனாலும் நான் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவன் இல்லை. மறுநாள் தேர் பார்க்கப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே சிதம்பரம் போய், அங்கிருந்து கீரப்பாளையம் போனேன். மச்சான் வீட்டு ஆட்கள் கண்ணில் படக் கூடாது. பச்சைக் கரை போட்ட துண்டை எடுத்து முண்டாசு கட்டிக்கொண்டேன். கேம்ப்புக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வயலுக்கு நடுவே இரும்புக் கோபுரம் நின்றது. பந்தல் போட்டிருந்தது. பெரிய எஞ்சினியர் கழுத்தில் ரோஜா மாலை! எல்லோரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ஆனந்தக் கண்ணீர்! எனக்கே கண் கலங்கியது.

"என்னங்க விசேஷம்?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன்.

"எஞ்சினியருக்கு மாலை போடறாங்க" என்றார்.

"அது தெரியுது. எதுக்குப் போடறாங்க?"

"சும்மா போடுவாங்களா? ஏதாச்சும் இருக்கும்."

சரியான பதில். சும்மா போடுவார்களா? அப்போது கேம்ப்பிலிருந்து சமையல் வேலை செய்யும் ஒரு பெண்மணி கையில் டம்ளரோடு ரோட்டைத் தாண்டி நேராக என்னிடம் வந்தாள். டீக்கடைக்காரர் "என்னா சின்னம்மா, இந்தப் பக்கம்?" என்றார்.

"முண்டாசு கட்டிகிட்டு ஒருத்தர் ஒக்காந்து இருக்காரு, அவருக்குப் பாயசம் குடுன்னாங்க" என்றாள்.

"எனக்கா? யாரு சொன்னது?"

"உள்ள சொன்னாங்க. முந்திரி ஜாஸ்தி போட்டுக் குடுன்னாங்க."

ரோட்டில் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் முந்திரி போட்ட பாயசம் கொடுக்கிற கம்பெனிக்கு எவ்வளவு எண்ணெய் கிடைத்திருக்க வேண்டும்! ஒரே மடக்கில் குடித்தேன். இனிப்பு அளவாக இருந்தது. வீட்டுப் பாயசம் மாதிரியே இருந்தது.

அதற்கு மேல் என்னைப் பிடிக்க முடியவில்லை. சிதம்பரத்துக்கு ஓடினேன். எனக்குத் தெரிந்த அடகுக் கடை ஒன்றே ஒன்று, மாமனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் போய்வருகிற கடை. கல்யாணத்தில் மாமனார் என் கழுத்தில் போட்ட சங்கிலியைக் கழற்றி வைத்தேன். பணத்தை எண்ணிக்கொண்டே, தேர்க் கூட்டத்துக்கு நடுவில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஸ்ரீதருக்குப் போன் போட்டேன்.

"ஸ்ரீதர்! வாங்கு! கெடிலம் ஆயில்! கெடைக்கிற வரைக்கும் வாங்கு!"

"சார், இன்னிக்கு வெல உச்சத்துல நிக்கிது. யோசிச்சு..."

"நான் கண்ணால பாத்துட்டேன்யா! மாலை! பாயசம்! சாயங்காலம் பணம் உன் கையில இருக்கும்!"

"சரி சார். அப்ப அம்மா பேர்ல..."

"வேணாம்! இந்தத் தடவ என் பேருக்கே வாங்கு! எனக்கும் ஒரு கணக்குத் தொறந்து சும்மாதானே கெடக்குது?"

"ஏதோ ராசின்னு சொன்னீங்களே சார்?"

"ராசியாவது கீசியாவது! விக்கறதுக்கு ஆள் இருக்குதா?"

அவன் குரல் இறங்கியது. "இருக்காங்க சார். ஒரே ஒருத்தர். கடைசி லாட். காலையிலேர்ந்து வாங்க ஆள் இல்லாம நிக்கிது."

"எந்த மடையன்யா அது? எண்ணெய் பீறிட்டுகிட்டு வர்ற நாள்ல போயி விக்கறானே! அடிச்சி வாங்கு!"

"அப்படிச் சொல்லாதீங்க சார். பாவம் சார்."

"அவனுக்குப் போய்ப் பரிதாபப்படாத" என்று சொல்லிவிட்டு, நடராஜர் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன்.

வீட்டுக்கு வந்த ஜெயராணி முதலில் என் கழுத்தைத்தான் பார்த்தாள். "சங்கிலி எங்க?"

"தேர்க் கூட்டத்துல கொக்கி கழண்டுகிச்சி. பத்தர்கிட்ட குடுத்திருக்கேன்."

"ஓகோ. பத்தர் தூண்டில் போடறாரா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஏதோ போல இருந்தது. எண்ணெய் நினைப்பில் மறந்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஸ்ரீதர் ஆபீசுக்குப் போனேன். அவன் எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தான்.

"கைவிட்டுட்டாங்க சார்."

"யாரை?"

"கிணத்த. எண்ணெ இல்லியாம். சிமென்ட் போட்டு மூடிட்டாங்க. இயந்திரம் ஆந்திராவுக்குப் போவுது. எஞ்சினியரும் போயிட்டாரு."

"மாலை போட்டாங்களேய்யா!"

"அது வழியனுப்பு விழா சார்."

வரும்போதும் மாலை, போகும்போதும் மாலை. வந்தாலும் பாயசம், போனாலும் பாயசம். நம் ஊரில் ஒரு மனுஷன் எதை வைத்துத்தான் எதைக் கண்டுபிடிப்பது? ஜெயராணி குடத்தோடு தெருமுனையில் நிற்பது கண் முன்னால் வந்தது. அவள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். போர்ப் பணம். ஒரு துளித் தண்ணீர்கூட இல்லாமல் நெல் வயலுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

"வந்த வெலைக்கு வித்துடுய்யா. என் பேர்ல இருக்கறது, அவ பேர்ல இருக்கறது, எல்லாத்தியும்."

"உங்களுது நாலணாவுக்குக்கூட ஆள் வரல சார். அம்மா பேர்ல..." என்று இழுத்தான். "அம்மா பேர்ல ஒண்ணுமே இல்லியே."

"இல்லியா? திருடு போயிடுச்சா?"

"வித்துட்டாங்க சார். ஒரு வாரமா கொஞ்சம் கொஞ்சமா வித்தாங்க. நல்ல வெல. கடைசி லாட் திருமஞ்சனத்தன்னிக்கு."

"அவளுக்கு எப்படிய்யா தெரியும்? நான் சொல்லவே இல்லியே!"

"நல்லாருக்கே சார்! கணக்கு அவுங்க பேர்ல. அவுங்க வாயால சரின்னு சொல்லாம நான் எப்படி வாங்கறது? நீங்க வந்துட்டுப் போன ஒடனே வீட்டுக்குப் போன் போடுவேன். 'சாரு வாங்கச் சொல்றாரு, வாங்கட்டுமாம்மா'ன்னு கேப்பேன். 'இந்தத் தடவ வாங்குங்க'ன்னு சொல்வாங்க, இல்ல 'பாதி வாங்குங்க, அவரு கேட்டா முழுசா வாங்கியாச்சின்னு சொல்லுங்க'ன்னு சொல்வாங்க."

ஜெயராணியைக் கேட்காமல் செய்த ஒரே காரியம்!

"கடைசி லாட்ட வாங்குனது யாரு?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஸ்ரீதர் மின்விசிறியைப் பார்த்தான். சாமி படத்தைப் பார்த்தான். "சின்னக் கம்பெனி சார். அன்னிக்கு வித்தது ஒருத்தர். வாங்குனது ஒருத்தர்."

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியாது. வாசலில் கொளஞ்சியின் போர் லாரி நின்றது. தெருவே கூடியிருந்தது. குழாய் வாயிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. ஜெயராணி மஞ்சள் பூசிய கையோடு, புடவை நனைய, சின்னப் பெண் போலச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருஷமோ. ஒரு நிமிஷம் எனக்குக் கோபமெல்லாம் மறந்துபோய்விட்டது.

ஒரு டம்ளரில் பிடித்து நீட்டினாள். குடித்தேன். தித்தித்தது.

"முண்டாசுக்காரரே, தண்ணி நல்லாருக்கா, அன்னிக்குப் பாயசம் நல்லாருந்துதா?"

"நீ... நீதான் குடுத்தனுப்புனியா?"

"பச்சைக் கரை போட்ட துண்டு நான் எடுத்துக் குடுத்ததுங்க. ஒலகத்துக்கே முண்டாசு கட்டுனாலும் அது எனக்குத் தெரியாதா? வேகாத வெயில்ல வந்து ஒக்காந்து இருக்காரே மனுஷன்னுதான் முந்திரி போட்டுக் குடுத்தேன்."

"அது வழியனுப்பு விழான்னு உனக்கு முன்னியே தெரியுமா?"

"அடுத்த வாரத்துலேர்ந்து ரெண்டு வாட்ச்மேனுக்கு மட்டும் சோறு போதும்னு சொல்லிட்டாங்கன்னு கனிமொழி வந்து அழுதா. எண்ணெ கெடைச்ச எடத்துல சாப்பாட்ட நிறுத்துவாங்களா? நீங்க ரசத்த பாத்திங்க. நான் எலைய எண்ணுனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்கிட்ட சொன்னிங்களா?"

டம்ளரை மறுபடியும் குழாயில் பிடித்தேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

"மொத்தத்துல லாபந்தாங்க" என்றாள். "கொளஞ்சிக்கு நானூறு அடிக்குக் குடுத்து, மோட்டாரும் வாங்கிட்டேன். அந்தக் கடைசி லாட்டுதான் விக்காம கஷ்டமா இருந்திச்சி. யாரோ ஒரு புண்ணியவான், என்னிய மடையன்னு திட்டிகிட்டே வாங்கிகிட்டாராம். அந்தக் காசுலதான் இத மீட்டேன்."

அப்போதுதான் பார்த்தேன். என் சங்கிலி அவள் கழுத்தில் மின்னியது. அடகுக் கடைக்காரர் அன்று மாலையே செம்பியனுக்குப் போன் செய்து, உங்கள் வீட்டு மாப்பிள்ளை சங்கிலியை வைத்துவிட்டுப் போனார், ஏதாவது கஷ்டமா என்று விசாரித்தாராம். மாமனார் வீட்டுச் சங்கிலியை மாமனார் வீட்டுக் கடையிலேயே கொண்டுபோய் வைத்த மாப்பிள்ளை, தமிழ்நாட்டில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கையை நீட்டினேன். "குடு. போட்டுக்கறேன்."

"ஜோசியர் சொன்னது மறந்துபோச்சா? பூமிக்கு அடியில இருக்கறது உங்களுக்கு ஆகாது. தங்கத்த எங்கேருந்து எடுக்கறாங்களாம்?"

"அப்ப இந்தத் தண்ணி?"

"அதுவும் அடியிலேர்ந்துதான் வருது. அதனால மோட்டார் சுவிட்ச நீங்க தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மூலையில் இருந்த குடத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இது பிளாஸ்டிக்கு. இதுக்கு தோஷம் கெடையாது. தெருவுல எல்லாருக்கும் நம்ம தண்ணிய குடத்துக்கு ஒண்ணா கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

பிளாஸ்டிக்கைப் பெட்ரோலியத்திலிருந்துதான் செய்கிறார்கள். ஆறு மாதம் எண்ணெய்க் கிணற்றைத் தொடர்ந்து படித்ததில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான். சொல்லியிருப்பேன். சொன்னால் கையால் அள்ளிக்கொண்டு போகச் சொல்வாள்.